மூன்றாம் வாங்கின் போத்தல்

போன மாதம் கண்டியில் இளம் ஆசிரியைகளுக்கு நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் பேச என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சுவரில் பெரிய கடதாசி ஒன்றை ஒட்டி, பிள்ளைகளின் பெயர்களை எழுதி, பெயருக்கு நேரே கலர் நட்சத்திரங்கள் ஒட்டி வைத்திருந்தார்கள். நன்றாக நடந்துகொள்ளும் பிள்ளைக்கு ஒரு நட்சத்திரமாம். இனிமேல் பிரம்பை எடுக்கக் கூடாது, பாராட்டித்தான் பிள்ளைகளை வழிக்குக் கொண்டுவர வேண்டும் என்றார் வகுப்பை நடத்தியவர். பிறகு என்னைக் காட்டி, "நாங்கள் இன்றைக்குப் புதிதாகப் படிக்கிற விஷயத்தை இந்த டீச்சர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளிலேயே செய்து காட்டியவர்" என்றார்.

ஒரு சின்னப் பெண் எழுந்து, "பிரம்பு இல்லாம எப்படி டீச்சர் சமாளிச்சீங்க?" என்று கேட்டாள். நான் மஞ்சாடி விதைகளைப் பற்றியும் மைப் போத்தல்களைப் பற்றியும் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். தேநீரும் பிஸ்கட்டும் தந்தார்கள். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதுதான் அது உறைத்தது. பாதிக் கதையைச் சொல்லிவிட்டு முழுக் கைதட்டலையும் வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். இதற்கு முன்பும் பல இடங்களில் இப்படித்தான் செய்திருக்கிறேன். மிச்சப் பாதியை இங்கே எழுதுகிறேன்.

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு தடவை திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். அப்பா கண்டியில் ஒரு கடையில் கிளாக்கராக இருந்து திடீரென்று இறந்துபோனார். அம்மாவும் இரண்டு தம்பிமாரும் என்னை நம்பி இருந்தார்கள். கன்னியாஸ்திரீகள் நடத்திய பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடம் படித்தேன். அங்கே கற்றதில் இன்றைக்கு நினைவிருப்பது, கரும்பலகைக்கு முதுகைக் காட்டாமல் எழுதுவது எப்படி என்பதும், பிரம்பை உள்ளங்கையில் எந்த இடத்தில் இறக்கினால் காயம் வராது என்பதும்தான். இரண்டையும் ஒரே சிஸ்டர்தான் சொல்லிக்கொடுத்தார்.

இருபதுகளின் கடைசியில் கலகெதரைப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். பெயர் வேண்டாம். குருநாகல் போகிற தெருவிலிருந்து ஒரு ஏற்றம் ஏறினால் மாதா கோவிலும் அதன் பக்கத்தில் எங்கள் நீளக் கட்டடமும் இருக்கும். தலைமை ஆசிரியரோடு சேர்த்து மூன்று பேர் படிப்பித்தோம். மூன்றாவது ஆள் நான். என் வகுப்பில் முப்பது பிள்ளைகள், ஆறு பேர் உட்காரும் நீள வாங்குகள் ஐந்து. பாதிப்பேர் எங்கள் கத்தோலிக்கப் பிள்ளைகள், பாதிப்பேர் பசாரில் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள்.

தலைமை ஆசிரியரை அருளப்பு மாஸ்டர் என்று வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்துக்காரர். எந்த வெயிலிலும் கோட்டின் கழுத்துப் பொத்தானைக் கழற்றமாட்டார். திட்டமாட்டார், சத்தம் போடமாட்டார். தினமும் காலையில் என் வகுப்பு வாசலில் நின்று சிவப்புப் பென்சிலின் நுனியால் தலைகளை எண்ணுவார். முப்பதும் இருந்தால் "ம்" என்பார். குறைந்தால் குறைகிற எண்ணை மட்டும் சொல்வார். "நாலு." அவ்வளவுதான். அந்த நாலு அன்றைக்கு முழுவதும் என் காதில் நிற்கும், ஏதோ அந்த நாலு பிள்ளைகளையும் நான்தான் எங்கேயோ ஒளித்துவைத்தது போல.

அவர் எண்ணியதற்குக் காரணம் இருந்தது. வரவு இடாப்பு என்றால் அந்தக் காலத்தில் வேதப் புத்தகத்துக்கு அடுத்தபடி. வந்த பிள்ளைக்குக் கறுப்பு மையில் ஒரு கோடு, வராத பிள்ளைக்கு ஒரு வட்டம். ஒன்பதரைக்கு மணி அடித்ததும் மொத்தத்தைச் சிவப்பு மையில் எழுதி அடியில் கோடு போட வேண்டும். கோடு போட்ட பிறகு வருகிற பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து படித்தாலும் வராத பிள்ளைதான். வருடத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் வந்து சராசரி வரவைப் பார்ப்பார். சராசரி இறங்கினால் மூன்று ஆசிரியர் எதற்கு, இரண்டு போதும் என்று எழுதிவிட்டுப் போவார். போகிற அந்த ஒரு ஆள் யார் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

முதல் இரண்டு வருடம் எல்லோரையும் போலப் பிரம்பை வைத்துத்தான் படிப்பித்தேன். ஒருநாள் பாடத்தின் நடுவில் சேலைத் தலைப்பைச் சரிசெய்வதற்காகக் கையைத் தூக்கினேன். முதல் வாங்கில் ஆறு தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. நான் அவர்களைத் திட்டக்கூட இல்லை. சேலையை விட்டுவிட்டு அப்படியே நின்றேன். பயந்து பயந்து வாழ்கிறவளுக்கு மற்றவர்களின் பயம் சட்டென்று தெரியும். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்று பின்னேரம் பிரம்பைக் கொண்டுபோய் அலுமாரிக்குப் பின்னால் போட்டேன்.

பிரம்பு போனதும் வகுப்பு சந்தைக்கடையாகிவிட்டது. இரண்டு கிழமை தொண்டை கட்டிப்போகுமளவு கத்தினேன். பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். கத்தும்போது திரும்பாத பிள்ளை, "அடடே, சிலேட்டு எவ்வளவு துப்புரவா இருக்கு" என்று பக்கத்துப் பிள்ளைக்குச் சொன்னால் திரும்பிப் பார்த்தது. தன் சிலேட்டையும் துடைத்துக்கொண்டு எனக்குக் காட்டியது. புதையல் கிடைத்ததுபோல் இருந்தது.

கோவிலுக்குப் பின்னால் ஒரு மஞ்சாடி மரம். சிவப்பாகப் பளபளவென்று விதைகள் உதிர்ந்து கிடக்கும். ஐந்து வெறும் மைப் போத்தல்களைக் கழுவி, வாங்குக்கு ஒன்றாக என் மேசையில் வரிசையாக வைத்தேன். சிலேட்டை எச்சில் தொட்டு அழிக்காமல் ஈரத்துணியால் அழித்தால் ஒரு விதை. மணி அடித்ததும் ஆறு பேரும் உட்கார்ந்திருந்தால் ஒரு விதை. ஒருத்தர் தடுமாறும்போது சிரிக்காமல் இருந்தால் ஒரு விதை. விதையைப் போடும்போது எதற்காகப் போடுகிறேன் என்று சத்தமாகச் சொல்லுவேன். கண்ணாடியில் அது விழுகிற சத்தத்துக்காக வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும்.

போத்தல் நிறைந்த வாங்குக்குப் பரிசு என் கதிரை. வியாழக்கிழமை கடைசிப் பாடத்தில் அந்த வாங்கின் ஆறு பேரும் ஆளுக்கு ஐந்து நிமிடம் என் கைக்கதிரையில் உட்கார்ந்து டீச்சராக இருக்கலாம். பெயர் கூப்பிடலாம், கேள்வி கேட்கலாம், என்னையே எழும்பி நிற்கச் சொல்லலாம். வெள்ளிக்கிழமை வைத்தால் ஜும்ஆவுக்குப் போகிற பிள்ளைகளுக்குக் கிடைக்காது என்பதால் வியாழன். அந்த ஐந்து நிமிடத்துக்காக அந்தப் பிள்ளைகள் எதையும் செய்வார்கள். எதையும் என்பதை நான் அப்போது யோசித்துப் பார்க்கவில்லை.

விதையைத் தனிப் பிள்ளைக்குக் கொடுக்காமல் வாங்குக்குக் கொடுத்தது என் கெட்டிக்காரத்தனம். தனித்தனியாகக் கொடுத்தால் சுட்டிப் பிள்ளைகளே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடும். ஆறு பேரும் சேர்ந்துதான் என்றால் தெரிந்தவள் தெரியாதவளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். அப்படித்தான் நடந்தது. சில வருடம் கழித்து மூன்றாம் வாங்கில் ரோசலின் என்று ஒரு பிள்ளை, தபால்காரரின் மகள், வாய் ஓயாது. அவளுக்குப் பக்கத்தில் மர்லியா, பசாரில் வெற்றிலையும் சுருட்டும் விற்ற ஹனிபா நானாவின் மகள், எட்டு வயது. கூப்பிட்டாலும் பேசாத பிள்ளை. ரோசலின் இடைவேளையில் அவளைப் பிடித்துவைத்து எழுத்துக்கூட்ட வைத்தாள். மூன்றாம் மாதம் மர்லியா பாடப் புத்தகத்தைத் தடங்கலில்லாமல் வாசித்தாள். அன்று நான் இரண்டு விதை போட்டேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

அருளப்பு மாஸ்டருக்கு முதலில் பிடிக்கவில்லை.

"ரீச்சர், இதென்ன கூத்து? பிள்ளையளுக்கு லஞ்சம் குடுத்தே படிப்பிக்கிறியள்?"

"லஞ்சம் இல்லீங்க மாஸ்டர். நல்லது செஞ்சா நல்லதுன்னு சொல்றேன், அவ்வளவுதான்."

"ஓம், ஓம். பாப்பம்."

பார்த்தார். ஒரு வருடம் பார்த்தார். என் வகுப்பில் அவர் "ம்" சொல்கிற நாட்கள் கூடிக்கொண்டே போயின. பிறகு ஒருநாள் என் மேசைக்கு வந்து, ஒரு போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒன்பதரைக்கு முதல் ஆறு பேரும் வந்திருந்தால் அதுக்கும் ஒரு விதை போடலாமே ரீச்சர்?" என்று கேட்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை. சிலேட்டைத் துடைப்பது பிள்ளையின் கையில் இருக்கிறது. பள்ளிக்கூடம் வருவது அப்படியா? வீட்டில் கைக்குழந்தையைப் பார்க்கச் சொன்னால், ஆற்றில் தண்ணீர் வந்தால், பிள்ளை என்ன செய்யும்? இதெல்லாம் மனதில் ஓடியது. வாயில் வந்தது, "போடலாம் மாஸ்டர்" என்பதுதான்.

இப்படி இரண்டு மூன்று வருடம் ஓடியது. முப்பதுகளின் நடுவில் அந்த மலேரியாக் காய்ச்சல் வந்தது. மழை பொய்த்து, ஆறு வற்றிக் குட்டை குட்டையாக நின்று, நுளம்பு பெருகிவிட்டது. கலகெதரையிலும் சுற்றுப்புறத்திலும் வீட்டுக்கு வீடு ஆள் படுத்தது. அநேகம் பேருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற முறைக்காய்ச்சல். இன்றைக்குப் போர்வைக்குள் வெடவெடவென்று நடுங்குகிற பிள்ளை நாளைக்குச் சிலேட்டோடு வந்து நிற்கும். வந்த பிள்ளையின் முகம் மஞ்சளாக, கண் உள்ளே போய் இருக்கும். அது பழகிவிட்டது. எதுவும் பழகுவதுதான் ஆபத்து. "காய்ச்சல் தானே" என்று சொல்லத் தொடங்கியிருந்தோம். கோவில் மணி வாரத்தில் இரண்டு மூன்று தடவை சாவுக்கு அடித்தது. அதற்கும் பழகியிருந்தோம்.

மாஸ்டரின் எண் ஏறியது. ஏழு. ஒன்பது. பன்னிரண்டு. அந்த நேரத்தில்தான் இன்ஸ்பெக்டர் வருகிற தேதி கடிதத்தில் வந்தது. காய்ச்சல் காலம் என்று தள்ளிப்போடுவார்கள் என்று நினைத்தோம். தள்ளவில்லை. மாஸ்டர் கடிதத்தை என்னிடம் வாசிக்கத் தந்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"சராசரி விழுந்துபோச்சு. அண்டைக்காவது வகுப்பு நிறைஞ்சிருக்கிறதை அவர் கண்ணால பாத்தால், காய்ச்சல்தான் காரணம் எண்டு நான் கதைச்சுப் பாக்கலாம். இல்லாட்டி மூண்டாவது ஆள் தேவையில்லை எண்டு எழுதிப்போடுவார். உங்களுக்காகத்தான் சொல்லுறன் ரீச்சர்."

அவர் சொன்னது உண்மை. அதுதான் எனக்கு வினையாயிற்று. அவர் மிரட்டியிருந்தால் ஒருவேளை மறுத்திருப்பேன். அன்று வகுப்புக்குப் போய், "புதன்கிழமை இன்ஸ்பெக்டர் ஐயா வர்றாரு. அன்னைக்கு ஆறு பேரும் வந்திருக்கிற வாங்குக்குப் பத்து விதை" என்று சொன்னேன். பத்து என்றதும் வகுப்பில் எழுந்த சத்தத்தைக் கேட்டு எனக்கே சிரிப்பு வந்தது.

மூன்றாம் வாங்கின் போத்தல் கழுத்துவரை வந்து நின்றிருந்தது. இரண்டு கிழமையாக அதற்கு வரவு விதை பாதி நாள் விழவில்லை. காரணம் மர்லியா. ஒருநாள் வருவாள், ஒருநாள் வரமாட்டாள். இடைவேளையில் அவள் மட்டும் தனியாகத் தூணில் சாய்ந்து நின்றதைப் பார்த்தேன். மற்ற ஐந்து பேரும் அவளோடு பேசவில்லை என்பதையும் பார்த்தேன். பிள்ளைகளின் கோபம் இரண்டு நாளில் போய்விடும் என்று விட்டுவிட்டேன். என் தலைக்குள் அப்போது புதன்கிழமை தவிர வேறு எதுவும் இல்லை. எண்ணிப் பார்த்தால் புதன்கிழமை அவளுக்குக் காய்ச்சல் முறை. அதையும் எண்ணினேன். இருபத்தொன்பது பேர் வந்தாலும் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

புதன்கிழமை இன்ஸ்பெக்டர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். நல்ல மனிதர்தான், சிரித்த முகம். ஒன்பது இருபதுக்கு அவரும் மாஸ்டரும் என் வகுப்பு வாசலில் நின்றார்கள். நான்கு வாங்குகள் நிறைந்திருந்தன. காய்ச்சல் பிள்ளைகள்கூடப் போர்வையோடு வந்திருந்தார்கள். மூன்றாம் வாங்கு மட்டும் காலி. ஆறு பேரில் ஒருவர்கூட இல்லை. மாஸ்டர் பென்சிலை எடுத்தார், ஆனால் எண்ணவில்லை, சட்டைப்பையில் திரும்பப் போட்டுக்கொண்டார். அவர் எண்ணியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

ஒன்பது இருபத்தைந்துக்கு ஏற்றத்தில் சத்தம் கேட்டது. ஐந்து பேரும் வந்துகொண்டிருந்தார்கள். ரோசலினும் இன்னொருத்தியும் கைகளைக் குறுக்கே கோத்து, பிள்ளைகள் விளையாட்டில் பல்லக்குக் கட்டுவதுபோல் கட்டி, அதன்மேல் மர்லியாவை உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி பின்னால் முதுகைத் தாங்கியிருந்தாள். மற்ற இருவரும் சிலேட்டுகளையும் சாப்பாட்டுப் பொட்டலங்களையும் சுமந்தார்கள். மர்லியாவைச் சுற்றி அவள் உம்மாவின் சால்வை. பசாரிலிருந்து அரை மைல் ஏற்றம். எல்லோருக்கும் மூச்சு வாங்கியது.

"வந்துட்டோம் டீச்சர்! ஆறு பேரும் வந்துட்டோம்!"

இன்ஸ்பெக்டர் மாஸ்டரின் தோளைத் தட்டி, "இப்படிப் பள்ளிக்கூடத்துக்கு ஆசைப்படுகிற பிள்ளைகளை நான் எங்கேயும் பார்த்ததில்லை" என்றார். நான் ஓடிப்போய் மர்லியாவைப் பிடித்து வாங்கில் உட்காரவைத்தேன். பெயர் கூப்பிட்டேன். முப்பது பேரும் "உள்ளேன்" சொன்னார்கள். மர்லியாவும் சொன்னாள். சிவப்பு மையில் முப்பது என்று எழுதி அடியில் கோடு போட்டேன். பிறகு இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருக்க, பத்து விதைகளையும் ஒவ்வொன்றாகச் சத்தமாக எண்ணி மூன்றாம் வாங்கின் போத்தலில் போட்டேன். ஒன்பதாவது விதையோடு போத்தல் நிறைந்து, பத்தாவது மேசையில் உருண்டது. வகுப்பு கைதட்டியது. மர்லியா ரோசலினைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு கிழமையாக ஒதுக்கி வைத்திருந்தவர்கள் அவளை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் பரீட்சை. இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு வாங்காக வாசிக்கச் சொன்னார். மூன்றாம் வாங்கில் நாலு பேர் வாசித்ததும், மர்லியாவின் முறைக்கு முன்னால் நான் குறுக்கிட்டு, "அடுத்த வாங்கையும் பாருங்க ஐயா, அவங்க நல்லா வாசிப்பாங்க" என்று அவரை நகர்த்திவிட்டேன். மர்லியாவின் தலை ரோசலினின் தோளில் சாய்ந்திருந்தது. அவளை வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் இன்ஸ்பெக்டருக்கு முன்னால் ஒரு பிள்ளையை எழுப்பி அனுப்பினால், காய்ச்சல்காரப் பிள்ளையை எதற்குக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்பாரே. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று இருந்தேன். அவர் அடுத்த வகுப்புக்குப் போனதும் தண்ணீர் கொடுக்கலாம் என்று இருந்தேன்.

அவர் நாலாம் வாங்கில் இருக்கும்போது ஒரு சத்தம் கேட்டது. மர்லியாவின் கையிலிருந்த சிலேட்டுப் பென்சில் சிலேட்டின் மேல் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கை இழுத்தது, பிறகு கழுத்து, பிறகு உடம்பு முழுவதும். கண் மேலே போய்விட்டது. ரோசலின் அலறினாள்.

முதலில் ஓடியவர் அருளப்பு மாஸ்டர். நான் நின்ற இடத்தில் நின்றேன். அவர் பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பும் கழன்றுவிழ, ஏற்றத்திலிருந்து இறங்கித் தெரு நெடுக டிஸ்பென்சரிக்கு ஓடினார். கோட்டின் கழுத்துப் பொத்தான் அறுந்து தொங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். இன்ஸ்பெக்டரின் கார் வாசலில் நின்றது. அந்த நேரத்தில் அது எங்கள் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

டிஸ்பென்சரியில் டாக்டர் வேலை பார்த்த அப்போதிக்கரி ஐயா ஊசி போட்டுவிட்டு, காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார். கண்டி ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் கிடந்த காலம், அசைக்க வேண்டாம் என்று அங்கேயே வைத்துக்கொண்டார். மூன்று நாள் மர்லியா கண் திறக்கவில்லை. நான் காலையில் மாதாவிடம் மன்றாடிவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன், பள்ளிக்கூடம் விட்டதும் டிஸ்பென்சரிக்குப் போவேன். ஒவ்வொரு தடவை கோவில் மணி அசையும்போதும் யாருக்கு என்று கேட்கப் பயந்து காதைப் பொத்திக்கொண்டேன்.

இரண்டாம் நாள் ரோசலின் இடைவேளையில் என் பக்கத்தில் வந்து நின்றாள். என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், மர்லியா செத்துப்போயிருவாளா?"

"இல்லம்மா. மாதா காப்பாத்துவாங்க."

"நாங்கதான் தூக்கிட்டு வந்தோம். வர மாட்டேன்னு சொன்னா டீச்சர். டீச்சர் வரச் சொன்னாங்கன்னு நான்தான் பொய் சொன்னேன். அதுக்கப்புறம் வர்றேன்னா."

அவளைக் கட்டிக்கொண்டேன். "நீ பொய் சொல்லல கண்ணு. நான்தான் வரச் சொன்னேன்" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே உண்மை அது. அன்று பின்னேரமே இன்னொரு இடத்தில் என்னிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது.

டிஸ்பென்சரி விறாந்தையில் ஹனிபா நானாவும் மர்லியாவின் உம்மாவும் இருந்தார்கள். அவர்களுக்குள் ஏதோ வாக்குவாதம் நடந்து ஓய்ந்த மாதிரி இருந்தது. உம்மா முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு அழுதாள். நானா என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். அந்த நிலையிலும் எழுந்து நின்றார்.

"டீச்சர், ஒரு விஷயம் கேக்கணும். இவ செல்றா, காலைலயே புள்ளைட மேலு நெருப்பா சுட்டிச்சின்டு. படுத்திரு மகள்ன்டு செல்லிட்டுத் தண்ணிக்குப் போனதாம். வந்து பாத்தா புள்ள இல்லையாம். நான் கேக்கிறேன், அப்பிடிச் சுட்டிருந்தா டீச்சர் வச்சிக்கொண்டு இருப்பாங்களா? ஒடனே வீட்டுக்கு அனுப்பி இருப்பாங்க தானே? இவ நல்லா இருக்கிற புள்ளன்டு நெனச்சு அனுப்பிப்போட்டு, இப்ப பயத்துல மாத்திச் செல்றா. நீங்க செல்லுங்க டீச்சர். புள்ள வந்து எறங்குன நேரம் மேலு சுட்டிச்சா?"

உம்மா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"இல்ல நானா" என்றேன். "வந்தப்ப நல்லாத்தான் இருந்தா."

"கேட்டியா?" என்று நானா அவள் பக்கம் திரும்பினார். அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். நான் அங்கே இருந்தவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் பின்னேரம் மர்லியா கண்ணைத் திறந்தாள். அப்போதிக்கரி ஐயா கைதட்டிக் கூப்பிட்டார், திரும்பவில்லை. காதருகில் கரண்டியால் தட்டிப் பார்த்தார், திரும்பவில்லை. காய்ச்சல் செய்ததோ, அவ்வளவு குயினைனும் சேர்ந்து செய்ததோ, அவருக்கே தெரியவில்லை. உயிர் திரும்பியது, காது திரும்பவில்லை. அதன் பிறகு அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை.

இன்ஸ்பெக்டரின் அறிக்கை வந்தது. காய்ச்சல் காலத்திலும் நிறைந்திருந்த வகுப்பையும், பிரம்பில்லாத அந்த முறையையும் மெச்சி எழுதியிருந்தார். என் வேலை நிலைத்தது. அடுத்த வருடம் கண்டிக்குக் கூப்பிட்டு, மற்ற ஆசிரியைகளுக்கு அந்த முறையை விளக்கிச் சொல்லச் சொன்னார்கள். போனேன், விளக்கினேன். அதிலிருந்து பெரிய பள்ளிக்கூடம், பெரிய வகுப்பு என்று ஏறிக்கொண்டே போனேன். அருளப்பு மாஸ்டர் அறிக்கையை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் என் வகுப்பு வாசலில் நின்று தலைகளை எண்ணியதே இல்லை.

பிரம்பை நான் திரும்ப எடுக்கவில்லை. பாராட்டுவதையும் விடவில்லை, இன்றைக்கும் அது நல்ல முறை என்றுதான் சொல்லுவேன். வாங்குக்கு விதை போடுவதை மட்டும் நிறுத்தினேன். வரவுக்கு ஒருபோதும் எதுவும் கொடுக்கவில்லை. நட்சத்திரம் ஒட்டுகிற டீச்சர் பிள்ளைகளே, எந்தப் பிள்ளை எதைக் கொடுத்து அந்த நட்சத்திரத்தை வாங்குகிறது என்று ஒட்டுவதற்கு முன் பாருங்கள். இதை அந்தப் பயிற்சி வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பீர்களே என்று பயந்தேன்.

ஓய்வுபெறுவதற்குக் கொஞ்சக் காலம் முன்பு கண்டி மார்க்கட்டில் ஹனிபா நானாவைக் கண்டேன். நன்றாக வயதாகியிருந்தார். மர்லியாவுக்குக் கல்யாணமாகி மாத்தளையில் இருக்கிறாள், தையல் தைக்கிறாள் என்றார். பெஞ்சாதி மௌத்தாகி இரண்டு வருடம் என்றார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார்:

"கடைசி வரைக்கும் அதையே செல்லிக்கொண்டு இருந்தா டீச்சர். காலைலயே சுட்டிச்சி, நான் அனுப்பல்லன்டு. நான் நம்பவே இல்ல. ஒங்கட பேச்சுக்கு மேல பேச்சு ஈக்கா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மேலே நான் எழுதியதில் ஒரு வரியை விட்டிருக்கிறேன். மர்லியாவைத் தூக்கி வாங்கில் உட்காரவைத்தபோது என் கை அவள் கழுத்தில் பட்டது. அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைத் தொட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டேன். அதன் பிறகுதான் போய்ப் பெயர் கூப்பிட்டேன். அதன் பிறகுதான் விதைகளை எண்ணிப் போட்டேன்.

நானா இப்போது இருக்கிறாரோ என்னவோ. மர்லியா இருப்பாள். அவளுக்கு என் குரல் கேட்காது, ஆனால் வாசிக்கத் தெரியும்.

உன் உம்மா பொய் சொல்லவில்லை, மகள். உனக்குச் சுட்டது. எனக்குத் தெரியும்.